வேப்பமரம் வெந்த தேக்சா

அன்று வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான் இருந்தோம்; அக்கா பிரசவத்துக்காக வேலூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். குழந்தைக்குத் தொட்டில் செய்ய வேப்பஞ்சட்டங்களை வளைக்க வேண்டும். ஆவியில் வேகவைத்தால் மரம் வளையும் என்று ஐடிஐயில் படித்திருந்தேன். பக்கத்து வீட்டு பிரியாணி மாஸ்டர் காதர் பாயிடம் காரணம் சொல்லாமல், அவர் பிரியாணி ஆக்கும் செம்பு அண்டாவான தேக்சாவை வாங்கி அதில் வேகவைத்தேன். சட்டங்கள் அழகாக வளைந்தன. தேக்சாவை வெறும் தண்ணீரில் அலசிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பாய் வாசலில் நின்றார். "இன்னாத்த வேகவெச்ச தம்பி? கசக்குதுன்னு நிச்சயதார்த்த வூட்ல பிரியாணிய திருப்பிட்டாங்க."

ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவன், அவரை உள்ளே அழைத்துப்போய்த் தொட்டிலைக் காட்டினேன்.

அதை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். "மரத்துக்கே தம் போட்டியா? கேட்டிருந்தா பழைய தேக்சா குடுத்திருப்பேனே."

தேக்சா வாங்கும்போது, படித்தவன் இவருக்கு எதற்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்தது அப்போதுதான் உறைத்தது. வீணான பிரியாணியின் கறிக்காசை எவ்வளவு கெஞ்சியும் அவர் வாங்கவில்லை. கசப்பு போக தேக்சாவுக்கு உள்ளே மறுபடி ஈயம் பூச மட்டும் அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.