பழசாக்கிக் கொடுத்த ஸ்வெட்டர்

தி. நகரில் இருக்கும் என் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பட்டு ரவிக்கைகள் அல்ல, ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள் சின்ன ஹேங்கரில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் ஒரு கைக்குழந்தை ஸ்வெட்டர் தொங்கும். முன்பக்கம் வெள்ளைப் பொத்தான்கள், கைகளின் நுனியில் மட்டும் மெரூன் நிறப் பட்டை. வருகிறவர்களில் பாதிப்பேர் அதற்குத்தான் விலை கேட்பார்கள். இந்தக் காலத்துப் பெண்கள் அதை ‘விண்டேஜ்’ என்பார்கள். விற்பதற்கில்லை என்று அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டும் கேட்பார்கள். கேட்கட்டும். என் கைவேலைக்கு விலை சொல்லத் தெரிந்த ஆள் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

நான் பட்டினப்பாக்கம் குப்பத்தில் பிறந்தவள். அஞ்சாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். அதற்காக ஒரு நாளும் அழுததில்லை. அப்பாவை நைனா என்போம். நைனா வலை பின்னுவதைப் பார்த்து வளர்ந்ததில், எழுத்து வருவதற்கு முன்பே எனக்கு முடிச்சு வந்துவிட்டது. தையல் மெஷினில் உட்கார்ந்தது அதற்கப்புறம். ஸ்வெட்டர் பின்னலை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு பழைய ஸ்வெட்டரை எடுத்து, வரிசை வரிசையாக எப்படிக் கழன்று வருகிறது என்று பார்த்துக்கொண்டே அவிழ்த்தேன். முழுக்க அவிழ்ந்ததும் அது வந்த வழியிலேயே திரும்பிப் போனேன். அவ்வளவுதான் என் படிப்பு. அந்தப் படிப்பில்தான் இன்றைக்கு மூன்று மாடிக் கடை ஓடுகிறது.

தொண்ணூறுகளில் அடையாற்றில் ஒரு பங்களாவின் கார் ஷெட்டில் தர்மக் கடை ஒன்று இருந்தது. வசதியான வீட்டுப் பெண்கள் சிலர், வேண்டாம் என்று மற்றவர்கள் கொடுக்கும் சாமான்களை அங்கே விற்று, வரும் காசை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பது அவர்களில் ஒருவரான கர்னல் வீட்டம்மா. எனக்கு அந்த ஷெட்டின் வாசனையே போதும். கற்பூர உருண்டை, பழைய தோல் பெட்டி, எலி மருந்து எல்லாம் கலந்த வாசனை. உள்ளே நுழைந்தால் முழங்கை வரை கையைக் குவியலுக்குள் விட்டுத் துழாவுவேன். கையே சொல்லிவிடும், இது பட்டு, இது நைலான், இது நல்ல கம்பளி என்று. யாரோ ஒரு துரைசானி விட்டுப்போன லேஸ் மேஜைவிரிப்பை ரவிக்கைக் கையாக்கினேன். வெல்வெட் ஜன்னல் திரை, நாட்டியப் பெண் ஒருத்திக்கு இடுப்புப் பட்டை ஆனது. கைப்பிடி சுற்றும் தையல் மெஷின் ஒன்றைத் துருவோடு தூக்கி வந்து, மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து ஓட வைத்தேன். இன்றும் ஓடுகிறது. மற்றவர்களுக்கு அது குப்பை. எனக்கு அங்கே போகிற நாள் தேர்த் திருவிழா.

பழைய ஸ்வெட்டர்களை அவிழ்த்து, நூலை அலசி, புதிதாகப் பின்னி விற்பதுதான் அப்போது என் பெரிய வியாபாரம். மெட்ராஸில் கம்பளி யாருக்கு வேண்டும் என்று சிரிப்பவர்கள் மார்கழியில் மயிலாப்பூருக்குப் போனதில்லை. விடிகாலைப் பஜனைக்குப் போகும் மாமாக்கள் என் மங்கிக் குல்லாயைக் காது மூட இழுத்துவிட்டுக்கொண்டு நடப்பார்கள். அமெரிக்காவுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போகும் மாமிகளும் என்னிடம்தான் வருவார்கள்.

போகிக்குப் பழசையெல்லாம் தெருவில் போட்டுக் கொளுத்துவது நம் வழக்கம். கர்னல் வீட்டம்மா வீடு வீடாகப் போய், “கொளுத்தாதீங்க, எங்ககிட்ட குடுங்க” என்று கேட்டு வைத்திருந்தார். அதனால் பொங்கல் முடிந்த வாரம் ஷெட்டில் கால் வைக்க இடமிருக்காது. அப்படி ஒரு வருஷம் என் கையில் சிக்கியதுதான் அந்த மஞ்சள் ஸ்வெட்டர். முதுகுப்பக்கம் அந்துப்பூச்சி அரித்துச் சல்லடையாகியிருந்தது. நூல் மட்டும் அசல். வாங்கி வந்தேன், பொத்தான்களை அறுத்து பிஸ்கட் டின்னில் போட்டேன், அவிழ்த்தேன்.

அடுத்து நான் ஷெட்டுக்குப் போனபோது ஒரு மாமி குவியலைக் கலைத்துக்கொண்டிருந்தார். மயிலாப்பூர்க்காரர், தேனாம்பேட்டையில் ஏதோ ஆபீஸில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். கர்னல் வீட்டம்மா அவரை ஸ்டெனோ மாமி என்றுதான் சொல்வார். நெற்றி வியர்வையில் குங்குமம் வழிந்திருந்தது.

“மஞ்சள்ல ஒரு குழந்தை ஸ்வெட்டர். போகிக்கு ஒழிக்கறச்சே என் நாட்டுப்பொண் தெரியாம குடுத்துட்டா” என்றார்.

“அது எங்கிட்ட கீது மாமி. ஆனா ஸ்வெட்டரா இல்ல. நூலா கீது. அவுத்துட்டேன்.”

மாமி அங்கே கிடந்த டிரங்குப் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கர்னல் வீட்டம்மா பதறிப்போய், பெட்டி பிரிக்காத சீமை ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து நீட்டினார். மாமி தலையை ஆட்டினார். “புதுசு நானே வாங்கிப்பேனே. எனக்குப் பழசுன்னா வேணும்!”

எனக்கு உடனே புரிந்தது. பிறந்த பிள்ளைக்கு முதலில் புதுசு உடுத்தமாட்டோம். நோய்நொடி இல்லாமல் வளர்ந்த பிள்ளை போட்டுப் பழகின சட்டையைத்தான் தேடிப் போடுவோம். குப்பத்திலும் அதுதான், மாட வீதியிலும் அதுதான். மாமியின் மகள் அமெரிக்காவில் மாசமாக இருந்தாள். முதல் தடவை ஆசைப்பட்டு எல்லாம் புதுசாக வாங்கி அடுக்கி வைத்தாளாம், குழந்தை தங்கவில்லை. இந்தத் தடவை படுக்கையைவிட்டு எழக்கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமி தில்லியில் இருந்த காலத்தில், அதே மகளுக்குத் தன் கையால் பின்னிய ஸ்வெட்டர் அது. “பழைய வேஷ்டித் துணி கிழிச்சு வெச்சிண்டிருக்கேன். ஆனா அங்க பனி கொட்டறதே, மேல கம்பளி போடாம எப்படி?” என்றார். அந்த வாரக் கடைசியில் விமானம். மெட்ராஸில் எந்தப் பிள்ளை கம்பளி போட்டு வளர்ந்திருக்கிறது, கடன் கேட்க? பழசு என்று வீட்டில் கழித்துக் கட்டியதை, பழசாக இருப்பதற்காகவே தேடி வந்திருந்தார்.

காசு கொடுத்து வாங்கிய பொருள், அவிழ்த்தது என் இஷ்டம். அதற்காக நான் தலை குனியவில்லை. “எழுந்திரிங்க மாமி, என் கையால அவுந்தது என் கையாலயே திரும்பி வரும்” என்று ஆட்டோவில் ஏற்றிக் குப்பத்துக்குக் கூட்டிவந்தேன். வீட்டுக் கொடியில் மஞ்சள் நூல் தொங்கியது. சுருக்கம் போக, வலைக்குக் கட்டும் ஈயக் குண்டைக் கீழே கட்டியிருந்தேன். மாமி ஈர நூலை விரலில் சுற்றிப் பார்த்தார்.

அந்த ஸ்வெட்டரின் ஒவ்வொரு வரிசையும் எனக்கு நினைவிருந்தது. கழுத்தோரம் மாமி எங்கே குறைத்திருந்தார், தோளில் எங்கே ஒரு பின்னல் கண்ணைத் தவறவிட்டு அடுத்த வரிசையில் பிடித்திருந்தார், எல்லாம். பூச்சி அரித்ததில் நூல் கொஞ்சம் பற்றவில்லை. கைகளின் நுனிக்கு ஒரு மங்கிக் குல்லாயின் மெரூனைக் கொடுத்தேன். அவருடைய பொத்தான்களையே தைத்தேன். தவறவிட்ட கண்ணைக்கூட நானும் அதே இடத்தில் தவறவிட்டேன். இதைச் செய்ய இன்னொருத்தியைக் காட்டுங்கள் பார்ப்போம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாமி வந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோளில் அந்தத் தவறின கண்ணைக் கண்டுபிடித்து விரலால் தடவினார். பிறகு முகம் விழுந்துவிட்டது.

“அப்படியே இருக்குடிம்மா. ஆனா புதுசா ஆயிடுத்தே. பின்னி முடிச்சப்புறம் இதை யாரும் போட்டுக்கலையே.”

“நூல் பழசு மாமி.”

“நூலையா போட்டுக்கறது? சட்டையைன்னா போட்டுக்கறோம்.”

அந்த நேரம் பார்த்து என் தம்பி மகன் தவழ்ந்து வந்து மாமியின் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான். வஞ்சிரமும் தாய்ப்பாலும் உண்டு தொடை மடிப்பு மடிப்பாக இருப்பான். பிறந்ததிலிருந்து ஒரு தும்மல் கிடையாது. அவனைத் தூக்கி மடியில் போட்டு ஸ்வெட்டரை மாட்டினேன். கொஞ்சம் இறுக்கம்தான். நடுப்பகல். ஊரையே கூட்டினான்.

என் தம்பி பெண்சாதிக்கு வாய் நீளம். “இன்னா அண்ணி, புள்ளையை வேக வைக்கிறியா? ஏன் மாமி, எங்க புள்ள போட்டத உங்க ஊட்ல போடுவீங்களா?” என்று கேட்டுவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கேள்வியைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், கேட்கத்தான் பயந்தேன்.

மாமி கையை நீட்டிப் பிள்ளையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அழுகை நின்றது. பையன் மாமியின் மூக்குத்தியைப் பிடிக்கப் பார்த்தான், சிரித்தான், அப்படியே சிறுநீர் விட்டான். ஸ்வெட்டரின் ஓரமும் நனைந்தது, பட்டுக்கரைப் புடவையும் நனைந்தது.

“இப்பப் பழசாயிடுத்து” என்றார் மாமி. சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணில் நீர் கொட்டியது. “இத்தனை கொழுக்மொழுக்னு இருக்கானே, இவன் போட்டதைப் போடாம வேற யாரோடதைப் போடறது?”

அலசித் தருகிறேன் என்றேன். “சோப்புப் போட்டுடாதே, வெறும் தண்ணியில அலசிக் குடு” என்றவர், ஸ்வெட்டரை மூக்கருகில் கொண்டுபோனார். “மீன் வாசனை வரதேடி!”

“வரத்தான் செய்யும் மாமி, குப்பமாச்சே.”

“வரட்டும், வரட்டும். அமெரிக்காவுல யாருக்குத் தெரியப்போறது?”

பெண் குழந்தை பிறந்தது. மாமி திரும்பி வந்ததும் நேராகக் குப்பத்துக்குத்தான் வந்தார், தம்பி மகனுக்கு மரக் குதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு. அந்த ஸ்வெட்டர் அப்புறம் அமெரிக்காவில் சும்மா இருக்கவில்லையாம். அந்தப் பெண்ணின் தம்பிகள் போட்டார்கள், அந்த ஊரில் இருந்த நம் ஆட்களெல்லாம் பிரசவத்துக்குக் கடன் கேட்டு வாங்கிப் போனார்கள். மாமி இப்போது இல்லை. பேத்தி தன் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க என் கடைக்கு வந்தபோது, பெட்டியிலிருந்து அதை எடுத்து என் கையில் வைத்தாள். “பாட்டி உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லியிருந்தா” என்றாள். அன்றைக்கே கண்ணாடி அலமாரிக்கு ஆர்டர் கொடுத்தேன்.

இன்று காலை, கடை திறக்கும்போதே என் தம்பி மகன் வாசலில் நின்றான். சொந்தமாகப் படகு வைத்திருக்கிறான். தோள் இரண்டும் கதவை அடைக்கும்.

“அத்தே, பொண்ணு பொறந்துகீது. அந்தச் சட்டையைக் குடு. அம்மா எடுத்தாரச் சொல்லிச்சு.”

அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “இந்த வெயில்ல கம்பளியா? ஆஸ்பத்திரில நர்சம்மா திட்டும்” என்றான்.

“ஒரு நிமிசம் மேல போட்டு எடுடா, போதும். நீ போட்டது, அமெரிக்கா பாத்தது.”

“தோச்சுட்டுப் போடவா?”

“வெறும் தண்ணில அலசு. சோப்பு போட்ட, கையை ஒடிச்சுருவேன்.”

அலமாரியில் இப்போது ஹேங்கரும் அட்டையும் மட்டும் இருக்கின்றன. சற்று முன்பு வழக்கமாக வரும் பெண் ஒருத்தி கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டாள்.

“என்ன ஆன்ட்டி, வித்துட்டீங்களா?”

“இல்லம்மா, வேலைக்குப் போய்கீது” என்றேன். “வந்துரும்.”