சின்ன மொதலாளி பேசுனாக

போன மாதம் அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் என் நாலாம் வகுப்பு மிஸ்ஸைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்தில் ஏழெட்டு வயதில் அவருடைய பேத்தி. என்னை அடையாளம் கண்டதும் மிஸ் அந்தப் பிள்ளையின் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினார். "இந்த அக்காதான். நான் சொல்லுவேன்ல, மரியாதைன்னா என்னான்னு இந்த அக்காகிட்டக் கத்துக்கணும்னு." அப்புறம் அந்தக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். மதுரை பஸ் வந்து நின்றது, ஆள் ஏற்றியது, போயும் விட்டது. மிஸ் முடிக்கவில்லை. நான் சிரித்துக்கொண்டு நின்றேன். இருபது வருஷமாக இந்தக் கதைக்கு நான் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன். இனிமேலும் பொறுக்க முடியாமல்தான் இன்றைக்கு நானே உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் அப்பா பந்தல்குடிப் பக்கம் ஒரு உரக்கடையில் லோடு வண்டி ஓட்டினார். கடைக்காரர்களுக்குக் காடு கழனியும் உண்டு. தாத்தா அவர்கள் காட்டில் கூலிக்குப் போனார், அப்பா அவர்கள் வண்டியை ஓட்டினார். மண்வெட்டி போய் ஸ்டியரிங் வந்தது பெரிய முன்னேற்றம் என்று எல்லாரும் சொன்னார்கள். முன்னேற்றம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பேச்சில் ஒரு விகுதிகூட நகரவில்லை. அந்த வீட்டு ஆட்கள் எது செய்தாலும் எங்கள் வீட்டில் அது 'வந்தாக', 'போனாக'. அப்பா எது செய்தாலும் அந்த வீட்டில் அது 'வந்தான்', 'போனான்'.

அந்த வீட்டுப் பையனுக்கு என் வயதுதான். எங்கள் வீட்டில் அவனுக்குப் பெயரே கிடையாது. சின்ன மொதலாளி, அவ்வளவுதான். அவனுக்கு நாலு வயது இருக்கும்போது அப்பா ஒருநாள் சாயங்காலம் வந்து அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "இன்னிக்கு சின்ன மொதலாளி வண்டியில ஏறி ஒக்காந்தாக. ஆரன் அடிச்சாக. பெறகு சீட்டுலயே ஒன்னுக்குப் போயிட்டாக." சீட்டைக் கழுவியது அப்பா. ஒன்னுக்குப் போனதற்கு மரியாதை உண்டு, கழுவியதற்குக் கிடையாது. அந்தப் பையன் அப்பாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். எனக்குத் தெரிந்து அப்பாவை 'அவுக' என்று சொன்ன ஒரே ஆள் அம்மா.

என்னை இங்கிலீஷ் மீடியத்தில் போட வேண்டும் என்று அப்பாவுக்குப் பிடிவாதம். போட்ட பிறகுதான் தெரிந்தது, அந்தப் பையனும் அதே பள்ளிக்கூடம், அதே வகுப்பு. முதல் நாள் காலையில் அப்பா என் சாக்ஸை இழுத்து விட்டுக்கொண்டே சொன்னார். "சின்ன மொதலாளி முன்னால எடுத்தெறிஞ்சு பேசிறாதத்தா, என்ன?" நான் தலையாட்டினேன். சொன்னதைச் செய்கிற பிள்ளை நான். என் தரித்திரமே அதுதான்.

நாலாம் வகுப்பில் நான் கிளாஸ் லீடர். மிஸ் ஆபீஸ் ரூமுக்குப் போனால் வகுப்பைப் பார்த்துக்கொள்வதும், வந்ததும் யார் பேசினார்கள் என்று சொல்வதும் என் வேலை. அன்றைக்கு மிஸ் போன கையோடு அந்தப் பையன் பெஞ்சு மேல் ஏறி நின்று அவரைப் போலவே மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுப் பாடம் நடத்தினான். வகுப்பே சிரித்து உருண்டது. 'நடத்தினான்' என்று எழுதும்போது இப்போதுகூட எனக்குக் கை ஒரு நொடி நிற்கிறது. எரிச்சலாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

மிஸ் வந்தார். "யாரு பேசுனது?"

நான் எழுந்தேன். பள்ளிக்கூடத்தில் அவன் பேச்சை நான் எடுத்ததே இல்லை. எடுக்க வேண்டிய நேரத்தில் வாய் தானாக வீட்டுப் பேச்சைத்தான் பேசியது.

"சின்ன மொதலாளி பேசுனாக மிஸ்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் எழுந்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பையன் சிரிக்கவில்லை, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். என் மிஸ் கொடுமைக்காரி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணீர் வரச் சிரித்து முடித்து, என் கன்னத்தைத் தடவி, "இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை பாருங்க. உங்கள்ல யாருக்காச்சும் வருமா?" என்று கேட்டார். பேசியவனுக்கு அடி விழவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை, நான் உட்பட. எனக்கு மிஸ் தடவிய கன்னம் போதுமாக இருந்தது.

அந்த வருஷ ஆண்டு விழாவில் எனக்கு நன்னடத்தைப் பரிசு என்று சொன்னார்கள். எதற்காக என்று நான் வீட்டில் மூச்சு விடவில்லை. சின்ன மொதலாளியை மாட்டிவிட்டதற்கு அப்பா வைவார் என்று பயம். பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு அட்டை வந்தது. உறையில் 'திரு' போட்டு, அப்பா பெயர் போட்டு, பின்னால் 'அவர்கள்' என்றும் போட்டிருந்தது. உள்ளே 'தாங்கள் தவறாமல் வருகை தந்து' என்று அச்சடித்திருந்தார்கள். அப்பாவுக்குத் தமிழ் நன்றாகவே படிக்க வரும். ஆனாலும் என்னைப் படிக்கச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு மறுபடி படிக்கச் சொன்னார். "தாங்கள்ங்கிற எடத்த இன்னொருக்கா படி."

"கார்டு கிழிஞ்சு போகப்போகுது. உங்க அப்பா அத விடமாட்டாக போல" என்றார் அம்மா. சொல்லிக்கொண்டே அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தார்.

விழா மத்தியானம் மூன்று மணிக்கு. அப்பா இரண்டு மணிக்கே போய், 'பெற்றோர்' என்று தாள் ஒட்டியிருந்த வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அட்டை சட்டைப் பையில் வெளியே தெரியும்படி இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர் என்பதால் சிறப்பு விருந்தினர் உரக்கடை முதலாளிதான். அது அப்பாவுக்கு முன்பே தெரியும், அதில் பெருமையும்கூட. தன் பிள்ளை முதலாளி கையால் பரிசு வாங்கப் போகிறதே என்று.

என் முறை வந்தபோது மிஸ் மைக்கைப் பிடித்தார். பரிசு எதற்கு என்று சொல்ல வேண்டாமா? சொன்னார். என் குரலிலேயே சொல்லிக் காட்டினார். கூட்டம் சிரித்து ஓய்ந்து, மறுபடி சிரித்தது. முதலாளியும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு மைக்கை வாங்கி, கீழே துழாவிப் பார்த்தார்.

"ஏலே, அங்ஙனயா ஒக்காந்திருக்க? மேல ஏறி வாடா. பிள்ளைய நல்லா வளத்திருக்கலே."

'ஏலே' என்பது எங்கள் ஊரில் கெட்ட வார்த்தை இல்லை. அப்பாவின் கூட்டாளிகள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வார்கள், அப்பாவும் திருப்பிச் சொல்வார். திருப்பிச் சொல்ல முடியாத இடத்திலிருந்து மைக்கில் வந்தால் அது வேறு வார்த்தை. இதைச் சொன்னால் இப்போது என் ஆபீசில், "அதெல்லாம் ஒரு பிரியத்துல கூப்பிடுறது, நீங்க ஏன் இப்படி எடுத்துக்கிறீங்க?" என்கிறார்கள். அந்தப் பிரியம் ஏன் எப்போதும் ஒரு பக்கமாகவே பாய்கிறது என்று கேட்டால் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

அப்பா எழுந்தார். மேடையில் இருந்த அத்தனை பேரும் செருப்போடு இருந்தார்கள். அப்பா மட்டும் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கும்பிட்டார். கை தட்டினார்கள். எனக்குப் பளபளவென்று ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். அதில் என் முகம் தெரிந்தது. அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை. இறங்கியதும் அவர் நாற்காலிக்குத் திரும்பாமல் கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கண்மாய்க் கரையில் அப்பா மொபெட்டை நிறுத்தினார். இறங்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"அந்தப் பய பேரு என்னத்தா?"

"பேரச் சொல்லலாமாப்பா?"

"சொல்லு."

சொன்னேன், மெதுவாக.

"அவன் அன்னிக்குக் கிளாசுல என்ன செஞ்சான்?"

"பேசுனாக."

"பேசுனான்னு சொல்லு."

நான் டிபன் பாக்ஸை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். ஏதோ சோதிக்கிறார் என்று நினைத்தேன். கேட்டதும் சொல்லிவிட்டால் தோற்றுப்போவேன் என்று தோன்றியது.

"ஒரே ஒரு தடவ சொல்லுத்தா. இங்கன யாரு இருக்கா?"

யாரும் இல்லைதான். கரை நெடுக சீமைக்கருவேல மரங்கள் மட்டும் நின்றன. அப்பா கெஞ்சுவது போலக் கேட்டார். அவர் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

"மாட்டேன்ப்பா" என்றேன். "மரியாதையாப் பேசுறதுக்குத்தான் பரிசு குடுத்திருக்காக. எடுத்தெறிஞ்சு பேசக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?"

அப்பா மொபெட்டை நாலு உதை உதைத்த பிறகுதான் அது கிளம்பியது. வீட்டில் இறங்கியதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அட்டை பையிலேயே இருந்தது. துவைக்க எடுக்கும்போது அம்மா அதை எடுத்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்ததைப் பார்த்தேன். மறுபடி படிக்கச் சொல்லி அப்பா கேட்கவே இல்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல லோடு ஏற்றப் போனார்.

நான் விழா நடந்த அன்று சாயங்காலமே அம்மாவிடம் ஓடிப்போய் அப்பா மேல் புகார் சொன்னேன். சின்ன மொதலாளியை அவன் இவன் என்று பேசுகிறார், என்னையும் அப்படிப் பேசச் சொல்கிறார் என்று. அம்மா டிபன் பாக்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அன்றைக்கு இருந்ததெல்லாம் ஒரே கவலைதான். அப்பாவுக்கு மரியாதை தெரியாது என்பது மிஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டால், அந்த டிபன் பாக்ஸைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களோ?