நான்காவது பக்கம்

அந்தக் கேட்டின் தாழ்ப்பாளை ஜெசிந்தா போட்டுத்தான் இருந்தாள். திறந்தவன் நான். நாய் ஓடிப்போன பிறகு திறந்தேன்.

நான்கு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட இல்லை. பெருமாளைச் சேவிக்கப் போய் நிற்கும்போது வாய் வரைக்கும் வரும்... அதற்குள் பின்னால் இருப்பவர்கள் தள்ளிவிடுவார்கள். தள்ளிவிட்டதும் ஒரு நிம்மதி வருகிறதே, அதை என்னவென்று சொல்ல! உங்களை எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

திருச்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில் கட்டடப் பராமரிப்புக்குப் பொறுப்பாளன் நான். குழாய் ஒழுகினாலும் கூரை ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஜெசிந்தா அங்கே முதுகலை படிக்க வந்தவள். சொந்த ஊர் லால்குடி, விடுதியில் தங்கியிருந்தாள். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ரோசி என்ற லாப்ரடார் நாய்தான் அவளுக்கு வழிகாட்டி. கைப்பிடி வைத்த ஒரு வாரைக் கட்டிக்கொண்டு அவளை வகுப்புக்கும் நூலகத்துக்கும் அழைத்துப்போகும்.

ஒருநாள் என் அறைக்கு வந்தாள். ரோசி ஓடியாட வேலி போட்ட ஓர் இடம் வேண்டும் என்றாள். நாய்க்கு விளையாட்டுத் திடலா என்று நான் சிரித்தேன். அவள் கோபப்படவில்லை.

"வார் போட்டிருக்கறப்ப அது ஆபீஸ்ல இருக்கு சார். கழட்டினாத்தான் அதுக்கு வீடு. ஆனா வெளில கழட்ட முடியல, தெருநாய்ங்க வருது. ஓடிப்போனா என்னால தேடிப் போக முடியாதுல்ல."

நியாயம்தான். மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கினேன். அந்த அளவுக்கு நான் நல்லவன்தான்! விடுதிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஓர் இடம் ஒதுக்கினார்கள். மூன்று பக்கம் கம்பிவலை அடித்து, கேட்டும் வைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து ஆய்வுக் குழு வருகிறது என்று கடிதம் வந்தது.

ஆய்வுக் குழு வருகிறது என்றால் எங்கள் வளாகத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பார்க்கிற பக்கத்துக்கு மட்டும் வெள்ளை அடிப்போம். நிர்வாகக் கட்டடத்தின் முன்னால் போட்ட புதுப் புல்தரையில் ஆடு மேய்கிறது என்று சத்தம் போட்டார்கள். நாலாவது பக்கத்துக்கு வைத்திருந்த கம்பிவலையை எடுத்துப் புல்தரையைச் சுற்றிக் கட்டச் சொன்னேன். அதற்குப் பதிலாக இங்கே பச்சை நிழல்வலைத் துணியைக் கட்டி, முன்னால் காகிதப்பூச் செடித் தொட்டிகளை வரிசையாக வைத்தேன். புகைப்படத்தில் வேலி போலவே இருந்தது. ஆய்வு முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான்... ஆமாம், எப்போதும் அப்படித்தான் நினைப்போம்.

ஆய்வுக்கு முதல் நாள் ஜெசிந்தா வேலியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். கம்பிவலையில் விரல்களை ஓட்டியபடி என்னோடு மூன்று பக்கமும் நடந்தாள். நாலாவது பக்கம் திரும்பும்போது அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அங்க தொட்டி வரிசையா இருக்கும்மா. முள்ளுச்செடி, கையக் கிழிச்சிடும். வேலி அதுக்குப் பின்னாடி இருக்கு."

"நாலு பக்கமும் முடிஞ்சிருச்சுங்களா சார்?"

"முடிஞ்சிருச்சும்மா."

அவ்வளவுதான். கண் தெரிந்த யாரிடமாவது அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். எட்டிப் பார்த்துவிடுவார்களே!

குழு வந்தது, பாராட்டிவிட்டுப் போனது. கம்பிவலையை மாற்றுவது இரண்டு ஆட்களுக்கு அரைநாள் வேலை. இந்த வாரம் அடுத்த வாரம் என்று இரண்டு மாதம் தள்ளினேன். தினமும் மாலையில் ரோசி அந்தத் துணிக்கு இந்தப் பக்கம் ஓடி விளையாடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஃபைலைப் புரட்டியிருக்கிறேன்.

பிறகு ஒரு மாலை, பின்பக்கச் சாலையில் கல்யாண ஊர்வலம் போனது. சரவெடி வெடித்தார்கள். வெடிச் சத்தம் அடங்கியதும் ஜெசிந்தாவின் குரல் கேட்டது. "ரோசி... ரோசி..." என்று ஒரே சீராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓடினேன். ஒரு தொட்டி கவிழ்ந்து கிடந்தது. துணி கிழிந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கேட்டின் தாழ்ப்பாள் சரியாகப் போட்டிருந்தது.

"யாருங்க? சாருங்களா? ரோசி இங்க இருக்கா பாருங்க சார்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கேட்டு திறந்து கிடக்கேம்மா..."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் கை தானாகவா செய்தது? தூரத்தில் காவலாளி ஓடி வருவது தெரிந்தது. அவர் வருவதற்குள், அவள் வேறு பக்கம் திரும்பிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சத்தம் வராமல் தாழ்ப்பாளை நீக்கிக் கேட்டைத் திறந்து வைத்தேன். சத்தம் வராமல்! அந்த நேரத்திலும் அவ்வளவு பதனமாக இருந்தேன் நான்.

காவலாளி கேட்டைப் பார்த்தார். அதற்கு மேல் எதையும் பார்க்கவில்லை.

தேடினோம். திருவானைக்காவல் தெருக்கள், கொள்ளிடக் கரை எல்லாம் பல நாள் அலைந்தோம். எல்லோரையும்விட அதிகமாக நான்தான் அலைந்தேன். என்னைப் பார்த்து நெகிழ்ந்துபோனவர்களும் உண்டு. ரோசி கிடைக்கவே இல்லை. மறுநாளே நாலாவது பக்கம் கம்பிவலை ஏறிவிட்டது. கேட்டில் "தாழ்ப்பாளைத் தவறாமல் போடவும்" என்று பலகை மாட்டினேன். அவளைத் தவிர எல்லோரும் அதைப் படித்தார்கள்.

ஒரு மாதம் கழித்து, வெள்ளைக் கோலோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். எனக்கு நன்றி சொல்ல வந்திருந்தாள்.

"தாழ்ப்பா போட்டேன்னுதான் சார் இன்னும் தோணுது. அது விழுந்த சத்தம்கூட ஞாபகம் இருக்கு. ஆனா நீங்க கண்ணால பாத்திருக்கீங்களே. அப்ப நான்தான் போடல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "இல்லம்மா, நீ போட்டிருந்தே" என்று மூன்று வார்த்தை... நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

நான் தொலைத்தது நாயை மட்டுமல்ல. அவள் காதையும் விரலையும் அவளே நம்ப முடியாதபடி செய்துவிட்டேன். அதன் பிறகு அவள் விடுதி அறையைப் பூட்டிவிட்டு, நான்கு எட்டு வைத்து, திரும்ப வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாளாம். வார்டன் சொன்னார். "பாவம், நாய் போனதுலேருந்து இப்படி ஆயிருச்சு சார்" என்றார். நானும் பாவம் என்றேன்.

சென்ற மாதம் அவளைப் பார்த்தேன். படிப்பு முடிந்து எங்கோ வேலைக்குப் போகிறாள் போலிருக்கிறது. மாலை நேரம், திருவானைக்காவல் பஸ் ஸ்டாப்பில் நானும் அவளும் மட்டும்தான். ஒரு பஸ் வந்து நின்றது. என் மூச்சோ செருப்புச் சத்தமோ கேட்டிருக்கும், என் பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

"இது ஸ்ரீரங்கம் பஸ்ஸுங்களா?"

ஸ்ரீரங்கம் பஸ்தான். எனக்கும் அதுதான் பஸ். ஒரு வார்த்தை பேசினால் போதும், குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள். சார், எப்படி இருக்கீங்க என்று கேட்பாள்...

"யாராவது இருக்கீங்களா?"

நான் வாயைத் திறக்கவில்லை. பஸ் கிளம்பிப் போய்விட்டது. அவள் "ஆள் இருக்காங்கன்னு நெனச்சேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, தவறு தன்னுடையதுதான் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டாள்.