பெயர் சொல்லாத வீடுகள்

பெயர் எழுதும் வேலைக்குப் பேனா பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று சொன்னவர்கள் யாரும் ஒரு வீட்டுக் கதவையாவது தட்டிப் பார்த்ததில்லை. பெண்களுக்கும் வோட்டு வந்த வருஷம், கண்டியில் தெருத்தெருவாக வாக்காளர் பட்டியல் எழுதிய கிளாக்கர் நான். கதவு தட்டிப் பிழைக்கும் சகோதரர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

ஆள் இல்லாத வீடு

அம்பிட்டியவில் ஒரு வீடு. தட்டியதும் கதவிடுக்கில் ஓர் அம்மாள் தெரிந்தார். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். யாருமே இல்லை என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மூணு பேர் இருக்கீங்களேம்மா?" என்றேன்.

"நாங்க இருக்கோம். ஆளு யாரும் இல்லீங்க."

ஜவுளிக்கடை முதலாளி

டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராமசாமி, தன் வண்டிமாடுகள் இரண்டின் பெயரையும் நான் கேட்காமலே சொன்னார். மனைவி பெயரைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. "பொம்பள பேரைத் தெருவுல சொல்றதா? மானம் போயிரும். அவளுக்கு எதுக்கு வோட்டு?" என்று கதவைச் சாத்தினார். அந்தத் தெருவில் மட்டும் அப்படி ஒன்பது கதவுகள். பட்டியலில் பெயர் இல்லையென்றால் வோட்டு இல்லை. எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

பெயர் எழுதும் கடைசி நாளன்று அந்த முதலாளியின் மனைவி குடையும் கையுமாக நான் வேலை பார்க்கும் கந்தோருக்கே வந்துவிட்டார். பெயர் செல்லம்மா, வயது முப்பது என்று தெளிவாகச் சொன்னார். புருஷன் பெயரையும் நான் எழுதியாக வேண்டும். அதை வாயால் சொல்லாத வழக்கத்தில் வளர்ந்தவர் அவர். குடையை, வருபவர்கள் உட்காரப் போட்டிருந்த கதிரையில் சாய்த்து வைத்தார்.

"ராமசாமி. எம் பேரைச் சொன்னா மானம் போயிரும்னாரு. அவர் பேரை நான் சொல்லிட்டேன், ஒண்ணும் போகலீங்களே!"

கிளாக்கர் வீடு

பட்டியலைச் சுவரில் ஒட்டிய அன்று வீட்டுக்கு வந்து, செல்லம்மா கதையைச் சொல்லிச் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் காலையிலேயே போய்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். என் வீட்டுக் கதவை நான் எங்கே தட்டினேன்? மேசையில் இருந்தபடியே என் பெயரையும் தம்பி பெயரையும் எழுதி முடித்திருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. விட்டுப்போன பெயரைச் சேர்க்க மறுநாள்தான் கடைசி.

"நாளைக்கு நீங்களும் வரிசையில நின்னு, நாலு பேர் முன்னால எம் பேரைச் சொல்லுங்க. மாட்டுப் பேரைச் சொன்ன முதலாளியைப் பார்த்துச் சிரிச்சீங்கல்ல?"

ஊர்ப் பெண்களின் பெயரையெல்லாம் அதிகாரமாகக் கேட்ட எனக்கு, மீனாட்சி என்ற ஒரே ஒரு பெயரைச் சொல்ல மூன்று தடவை தொண்டையைச் செரும வேண்டியிருந்தது.