பார்லர் அக்காவின் தாடை

தெருவில் பாதிப் பெண்களின் புருவத்துக்கு நூல் பிடித்தவள் பார்லர் அக்கா. ஊரார் முகத்தில் ஒரு முடியை விட்டுவைக்காத அந்தக் கைக்குத் தன் தாடையோடுதான் தீராத சண்டை. இன்று பிடுங்கினால் நாளை மறுநாள் எட்டிப்பார்க்கும். பஸ் ஓட்டும் கணவருக்கு மட்டும் இது தெரியவே கூடாது. அவர் எழும் முன்பே பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வாள். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான்.

கடைசியில் லேசர் டாக்டரிடம் போனாள். விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டுவதுபோல, அன்று காலை தாடையைச் சுத்தமாகப் பிடுங்கிவிட்டே போனாள். தொழில் புத்தி விடுமா?

டாக்டரம்மா விளக்கைக் கிட்டே கொண்டுவந்து தேடினாள். "எங்கம்மா முடி?"

"உங்ககிட்ட வர்றோமேன்னு சுத்தம் பண்ணிட்டு வந்தேன்."

"கெட்டுது போங்க! முடியில இருக்கிற கறுப்பு நிறத்தைத்தான் லேசர் பிடிக்கும். அந்தச் சூட்டுலதான் வேர் வேகும். வேரையே பிடுங்கிட்டா நான் எதைச் சுடுறது? ஒரு மாசம் பிடுங்காதீங்க, நூலும் வேண்டாம். ஷேவ் மட்டும் பண்ணிக்கலாம்."

"ஷேவா? இன்னும் அடர்த்தியா வளருமே!"

"அதெல்லாம் சும்மா."

ஒரு மாதம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஷேவ் செய்துகொண்டாள். பிடுங்கிப் பழகிய விரல்களை அடக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பிறகு லேசர். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, தாடையில் சில்லென்று ஜெல், ரப்பர் பேண்டால் அடித்தாற்போல் சுள் சுள்ளென்று வலி, லேசான கருகல் வாடை. தோல் சிவந்து, மறுநாள் அடங்கியது.

ஒரு வாரம் கழித்து முடி மறுபடி தலைகாட்டியதும் போனில் சண்டைக்கே போய்விட்டாள்.

"வளரலைம்மா, செத்த முடி வெளியே வருது. தானா விழும். இது ஒரு தடவையில தீராது, பல தடவை வரணும். நரைச்ச முடிக்கு லேசரே பலிக்காது, இப்பவே சொல்லிட்டேன்."

இரண்டாம் தடவைக்கு முந்தின நாள் விடியற்காலையில், கணவரின் ரேசரோடு பாத்ரூம் கண்ணாடி முன் நின்றாள். தாழ் போட மறந்துவிட்டாள். கதவு திறந்தது. தாடை நிறைய நுரையோடு இவள், வாசலில் அவர். அவளுக்கு உயிரே போய்விட்டது.

"நானே சொல்லணும்னுதான்..."

"என்னத்தைச் சொல்றது? கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியும். கேட்டா நீ கூனிக்குறுகிப் போவியேன்னு தூங்குற மாதிரி படுத்துக் கிடந்தேன்."

"இத்தனை வருஷமாவா?"

"இத்தனை வருஷமாத்தான். வீட்டுல இருக்கிறதே ஒரு பாத்ரூம், தினம் அடக்கிக்கிட்டுக் கிடக்கிறேன். இன்னிக்காவது வெளியே வா தாயே, முட்டுது!"

நுரையோடு வெளியே வந்தவளுக்கு அழுகை முட்டியது. அதைத் தள்ளிக்கொண்டு சிரிப்பு வந்தது. அவர் வெளியே வந்ததும் உள்ளே போய், மீதித் தாடையைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே மழித்தாள்.