குணசீலனின் வெட்சி

சண்முகப்பிரியாவுக்குச் சொந்த ஊர் எருமப்பட்டி. சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறாள். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அவளுடன் ஒரே பேராசிரியரிடம் வேலை செய்தவன் நாமகிரிப்பேட்டை குணசீலன். அந்தமான் தீவுகளில் வளரும் வெட்சிச் செடிகள்தான் இருவருக்கும் ஆராய்ச்சி.

கடைசிப் பயணத்துக்கு அவளால் போக முடியவில்லை. தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். குணசீலன் மட்டும் போனான். ஆளில்லாத ஒரு சின்னத் தீவில், கடலைப் பார்த்த பாறைச் சரிவில், தடித்த குறுகலான இலையும் வெள்ளைப் பூவுமாக ஒரு வெட்சியைக் கண்டான். படம் எடுத்து, கிளைகளைப் பறித்துத் தாளுக்குள் அழுத்தி வைத்தான். போர்ட் பிளேர் திரும்பும்போதே காய்ச்சல். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது. உடல் முதலில் ஊர் வந்தது. செடிக்கட்டு பின்னால் வந்தது.

கட்டைப் பிரித்தவள் சண்முகப்பிரியாதான். இலையையும் பூக்குழலையும் அளந்து பார்த்து, இதுவரை யாரும் பெயரிடாத சிற்றினம் என்று எழுதினாள். வெட்சியின் அறிவியல் பெயரோடு அவனையும் சேர்த்து, ‘இக்சோரா குணசீலனி’ என்று பெயர் வைத்தாள்.

அவன் அப்பா சின்னண்ணன் மஞ்சளும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. அந்தப் பூவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மஞ்சள் மண்டிக்குப் போனால், தன் பையன் பெயரில் உலகத்தில் ஒரு செடி இருக்கிறது என்று முன்பின் தெரியாதவர்களிடமும் சொல்வார். அம்மா குப்பாயிக்கு அது இட்லிப்பூ. திதிக்குத் தவறாமல் சண்முகப்பிரியாவைக் கூப்பிடுவார்கள். இலையில் முதல் சோறு அவளுக்குத்தான் விழும்.

வருஷங்கள் கழிந்து, தீவு வெட்சிகளின் டி.என்.ஏ.வைப் படித்து எது எதற்கு உறவு என்று பார்க்கும் திட்டம் அவளுக்குக் கிடைத்தது. குணசீலனி தனிக் கிளையாக நிற்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. முடிவு வந்தபோது அது பக்கத்துத் தீவின் சாதாரண வெட்சிகளுக்கு நடுவே கலந்து கிடந்தது. உப்புக்காற்றில் இலை தடித்துக் குறுகியிருக்கிறது, அவ்வளவுதான். அவன் அழுத்தி வைத்த தாளிலிருந்தே இன்னொரு துணுக்கு எடுத்து, வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பினாள். அங்கேயும் அதேதான். அந்தச் சாதாரண வெட்சிக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே பெயர் வைத்தாயிற்று. முந்தின பெயர்தான் நிற்கும் என்பது விதி.

அந்தச் செடியைக் கட்டுரையில் சேர்க்காமல் விட்டுவிடலாமே என்று பேராசிரியர் சொன்னார். யாரும் கேட்கப்போவதில்லை என்றார். அவளும் சில வாரம் அப்படி எழுதிப் பார்த்தாள். தெரிந்தே விட்ட இடம் பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது. பிறகு சேர்த்து எழுதினாள்.

அச்சில் வருமுன் தானே சொல்லிவிட வேண்டும் என்று நாமகிரிப்பேட்டைக்குப் போனாள். தோட்டத்தில் மஞ்சள் வேக வைத்துக்கொண்டிருந்தார்கள். சின்னண்ணன் கை கழுவி வந்து உட்கார்ந்து, முழுவதும் கேட்டார்.

குப்பாயிதான் முதலில் பேசினார். “செடி செத்துப்போச்சா சாமி?”

“இல்லீங்கம்மா. செடி இருக்குதுங்க. பேருதான் நிக்காது.”

இதை யார் கண்டுபிடித்தது என்று சின்னண்ணன் கேட்டார். தான்தான் என்றாள்.

அவர் அவளை எப்போதும் நீ என்றுதான் கூப்பிடுவார். “வேற ஆராவது பண்ணீருந்தா மனசு ஆறீருமுங்க,” என்றார். “நீங்களே எதுக்குங்க பண்ணோணும்?”

கையோடு கொண்டுவந்திருந்த ஒரே ஆறுதலை அவள் சொன்னாள். அதே ஆராய்ச்சியில், எல்லாரும் சாதாரணம் என்று நினைத்திருந்த இன்னொரு தீவின் காட்டு வெட்சி தனி என்று தெரியவந்திருக்கிறது. அதற்குக் குணசீலன் பெயரை வைக்கலாம். படத்தையும் எடுத்து நீட்டினாள்.

சின்னண்ணன் அதை வாங்கவில்லை. “இத அவம் பாத்தானுங்களா?”

“இல்லீங்கப்பா. அந்தத் தீவுக்கு அவம் போகல.”

“அவங் கண்ணுல படாத செடிக்கு அவம் பேரு எதுக்குங்க?”

எழுந்து அடுப்புப் பக்கம் போய்விட்டார். குப்பாயி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

கட்டுரை வந்தது. பழைய பெயருக்குக் கீழே, சின்ன எழுத்தில், இனி செல்லாத பெயர்களோடு குணசீலனியும் இருந்தது. புதிய வெட்சிக்குத் தீவின் பெயரையே வைத்தாள். மற்ற நாட்டு ஆய்வாளர்கள் பாராட்டி எழுதினார்கள். அவள் யாருக்கும் பதில் போடவில்லை.

அந்த வருஷத் திதிக்குக் கூப்பிடவில்லை. முதல் நாள் அவளே போன் செய்தாள். குப்பாயி எடுத்தார். நாளைக்கு வருகிறேன் என்றாள்.

“வேண்டாஞ்சாமி,” என்றார் குப்பாயி மெதுவாக. “நீ வந்தா அவரு சோறு திங்கமாட்டாரு.”

சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.