பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்

நீதிமன்ற வாசலில் நின்று சாட்சிகளை மும்முறை கூவி அழைக்கும் டவாலி எங்கள் தெருக்காரர். அவர் எங்கே குரலெடுத்தாலும் அக்கம்பக்கத்து மாடிகளிலுள்ள புறாக்கள் பறந்துவிடும். "தூக்கத்துலயும் யாரையாவது கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காரு சார். ஒருத்தரும் வந்தபாடில்ல" என்பார் அவருடைய மனைவி.

என் தங்கை மகனைக் கணினி வேலை என்று ஆசைகாட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினான் ஒரு முகவன். அங்கே பூட்டிய கட்டடத்தில் அடைத்து, தொலைபேசியில் பிறரை ஏமாற்றும்படி அடித்து வேலை வாங்கினார்கள். தப்பி வந்த பிள்ளைகளுள் சாட்சி சொல்லத் துணிந்தவன் இவன் ஒருவனே. ஆகவே, பெயரைக் கூவாமல் எண்ணைச் சொல்லியே இவனை அழைக்க வேண்டுமென்று நீதிபதி உத்தரவிட்டிருந்தார்.

அன்று டவாலி வாசலுக்கு வந்தார், மூச்சை இழுத்தார். பழகிய வாய் முழுப்பெயரையும் முழங்கிவிட்டது. இவனும் தன்னையறியாமல் எழுந்துவிட்டான். எதிர்ப் பெஞ்சிலிருந்த முகவனின் ஆட்கள் இருவருள் ஒருவன் கைப்பேசியை உயர்த்திப் படமெடுத்தான்.

"மாமா, போயிடலாம். அம்மா வீட்டுல தனியா இருக்காங்க" என்று என் கையைப் பற்றினான் பிள்ளை.

டவாலி விரைந்து வந்து அவனை மறைத்து நின்றார். "தம்பி, தப்பு என்னோடது. ஓடாத. என் முதுகுக்குப் பின்னாலயே வா."

உள்ளே சென்றதும் நீதிபதியிடம் அவரே சொன்னார்: "ஐயா, உத்தரவ மீறிப் பேரச் சொல்லிட்டேன். வெளியில ரெண்டு பேரு படம் எடுக்குறாங்க. என்னை அப்புறம் பாத்துக்குங்க; முதல்ல அவங்களப் புடிங்க."

தன் தவறை மறைத்திருந்தால், யாரும் அவரைக் கேட்டிருக்கப் போவதில்லை. அவர் மறைக்கவில்லை. இருவரும் பிடிபட்டனர், தங்கை வீட்டுக்குக் காவல் போடப்பட்டது, கதவை மூடி விசாரணை நடந்தது. பிள்ளை தடுமாறாமல் முழுவதையும் சொன்னான். முகவன் தண்டிக்கப்பட்டான். அந்தக் கைப்பேசியைத் துருவி, இரு நாட்டுக் காவலரும் மேலும் பலரை மீட்டனர்.

டவாலிக்குக் கிடைத்தது மெமோ. நன்றி சொல்லப் போனேன்.

"தப்பு பண்ணதுக்கா நன்றி, சார்?" என்று கூச்சப்பட்டார்.

"மெமோவுக்குச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டப் போறேன்" என்றார் மனைவி.

அதன்பின் என் தங்கை மகனைத் தெருவில் கண்டால், "தம்பி" என்று மெல்லத்தான் அழைப்பார் டவாலி. நேற்று அவன் நின்று திரும்பினான்.

"பேரைச் சொல்லியே கூப்பிடுங்க பெரியப்பா. இப்ப எனக்குப் பயமில்ல."

டவாலி ஒரு கணம் தயங்கினார். பிறகு, மூச்சை இழுத்தார். புறாக்கள் பறந்தன.